வரம்போரத்துச் செடிகள்

(அறிவியல் பாடம்: பெற்றோரும் பிள்ளைகளும் சேர்ந்து வாசிப்பதற்கு)



சென்ற ஆண்டு விநாயகர் சதுர்த்திக்கு முதல் நாள் மாலை எமது கோயில் மண்டபத்தில் பெண்கள் சிலர் வட்டமாக அமர்ந்து, அறுகம்புல்லைத் துப்புரவு செய்து சிறு சிறு கட்டுகளாகக் கட்டிக்கொண்டிருந்தார்கள். தமிழ்ப் பாடசாலையில் ஆறாம் வகுப்பில் படிக்கும் பிள்ளை ஒருத்தி சிறிது நேரம் பக்கத்தில் நின்று பார்த்துவிட்டு என்னிடம் வந்தாள். "மாஸ்டர், இது வெறும் புல்லுத்தானே? எங்கட கார்டினிலை இப்பிடிப் புல்லு வந்தால் அப்பா மருந்தடிக்கிறவர். பிறகு ஏன் இதைப் பிள்ளையாருக்கு வைக்கினம்?" என்று கேட்டாள்.

அனலாசுரனை விழுங்கிய பிள்ளையாருக்கு அறுகு குளிர்ச்சி தந்த கதையைச் சொன்னேன். கதை அவளுக்குப் பிடித்தது. ஆனால் கேள்வி போகவில்லை. "அப்ப இது களையோ, இல்லையோ?" என்றாள்.

ஊரில் பல வருடங்கள் விவசாயப் பாடம் படிப்பித்தவன் நான். அப்படியிருந்தும் அன்று அவளுக்குச் சரியான மறுமொழி சொல்ல வரவில்லை. இக்கட்டுரை அந்த மறுமொழிதான். சற்று நீளமானது, பொறுமையாக வாசிக்க வேண்டும்.

களை எங்கே பிறக்கிறது?

நாம் பூசைக்கு எடுக்கும் பத்திர புஷ்பங்களில் அறுகு, தும்பை, எருக்கு, நாயுருவி, ஊமத்தை என்பவற்றை எண்ணிப் பாருங்கள். இவற்றை யாரும் விதைப்பதில்லை, தண்ணீர் ஊற்றுவதுமில்லை. அதற்காக இவை நடுக்காட்டில் வளர்வனவும் அல்ல. அறுகு வயல் வரம்பிலும் குளக்கட்டிலும் படரும். தும்பை, பயிர் எடுத்தபின் சும்மா கிடக்கும் தோட்டத்தில் மழையோடு எழும்பும். எருக்கும் ஊமத்தையும் வேலியோரத்திலும் வெறும் வளவிலும் நிற்கும். அதாவது, மனிதன் மண்ணைக் கிளறும் இடத்தையும் அதன் ஓரத்தையும் அண்டி வாழும் செடிகள் இவை.

என்னுடைய தகப்பனார் வெங்காயமும் மிளகாயும் செய்தவர். கலியாண வாழ்த்தில் அறுகைப் போல வேரோடி வாழச் சொல்வார்களல்லவா, அதைக் கேட்கும்போதெல்லாம் "இதைச் சொன்னவன் வெங்காயம் நட்டிருக்க மாட்டான்" என்று மெதுவாகச் சொல்லுவார். அறுகும் கோரையும் அவருக்குப் பரம விரோதிகள். ஆனால் வெள்ளிக்கிழமை காலையில் வரம்பிலிருந்து அறுகு பிடுங்கிப் பிள்ளையாருக்கு வைத்தவரும் அவரேதான். ஒரே செடி, தோட்டத்தின் நடுவில் நின்றால் களை. நாலு அடி தள்ளி வரம்பில் நின்றால் பூசைக்குரியது. இதில் அவருக்கு எந்தக் குழப்பமும் இருக்கவில்லை.

இங்கே கவனிக்க வேண்டிய அறிவியல் உண்மை ஒன்று உண்டு. இத்தகைய செடிகள் விவசாயத்தை அண்டி வாழ்வதால், விவசாயி எதை விதைக்கிறான், எந்த மாதத்தில் விதைக்கிறான், எவ்வளவு உரம் போடுகிறான், துண்டு நிலம் எவ்வளவு பெரியது என்பவைதான் அவற்றின் தலைவிதியைத் தீர்மானிக்கின்றன. இதனை ஊர் உதாரணத்தால் விளக்குவதைவிட, நாம் மோட்டர்வேயில் தினமும் கடந்து போகும் இங்கிலாந்து வயல்களைக் கொண்டு விளக்குவது இலகு. ஏனெனில் இந்நாட்டில் 180 ஆண்டுகளுக்கு மேலாக இதற்குக் கணக்கு எழுதி வைத்திருக்கிறார்கள்.

ஒரே வயல், ஒரே பயிர், 1843 முதல்

லூட்டனுக்கும் சென்ற் அல்பன்ஸுக்கும் நடுவே ஹார்ப்பென்டன் என்ற ஊர் இருக்கிறது. அங்குள்ள ரொதம்ஸ்டெட் விவசாய ஆராய்ச்சி நிலையத்தில் பிரோட்பாக் என்று ஒரு வயல். ஜோன் பெனெட் லோஸ் என்ற நிலச் சொந்தக்காரரும் ஜோசப் ஹென்றி கில்பேர்ட் என்ற இரசாயன அறிஞரும் 1843ஆம் ஆண்டு இலையுதிர் காலத்தில் இதில் கோதுமை விதைத்துப் பரிசோதனை தொடங்கினார்கள். அன்று முதல் இந்த வயலின் ஏதாவதொரு பகுதியிலாவது ஆண்டுதோறும் கோதுமை விளைந்து வருகிறது. லோஸ் செயற்கை உரம் செய்து விற்றவர். எந்த உரம் எவ்வளவு விளைச்சல் தரும் என்று அறிவதே நோக்கம். களைகளைப் பற்றி அவர் பெரிதாக நினைத்திருக்க மாட்டார். ஆனால் களைகளின் சரித்திரத்துக்கு இதைப் போன்ற புத்தகம் உலகில் வேறில்லை.

வயல் நீள நீளமான பட்டிகளாகப் பிரிக்கப்பட்டுள்ளது. ஒரு பட்டிக்கு ஆரம்பத்திலிருந்தே உரமே கிடையாது. ஒன்றுக்கு மாட்டெரு. மற்றவற்றுக்கு வெவ்வேறு அளவில் நைதரசனும் வேறு உரங்களும். பிற்காலத்தில் களைநாசினிகள் வந்தபோது, வயலின் ஒரு குறுக்குப் பகுதிக்கு மட்டும் அவற்றை ஒருபோதும் தெளிப்பதில்லை என்று வைத்துக்கொண்டார்கள். நல்ல காலம். அந்த ஒரு முடிவினால்தான் இன்று நமக்கு ஒப்பிட்டுப் பார்க்க ஓரிடம் மிஞ்சியிருக்கிறது.

மருந்து தெளிக்காத அந்தப் பகுதியில், உரமில்லாத பட்டியில் கோதுமை மெலிந்து, ஐதாக நிற்கும். அதன் கால்களுக்கிடையே பொப்பி முதல் பல வகைச் செடிகள். இந்நாட்டில் மிக அரிதாகிவிட்ட கோர்ன் கிளீவர்ஸ் என்ற ஒட்டுச்செடி இயற்கையாக மிஞ்சியிருக்கும் வெகு சில இடங்களில் இந்த வயலும் ஒன்று. நைதரசன் கூடக் கூடச் செடி வகைகள் குறைகின்றன. காரணம் எளிது. உரம் பெற்ற கோதுமை நெருங்கி வளர்ந்து நிலத்துக்கு நிழல் போட்டுவிடும். குள்ளமான செடிக்கு வெளிச்சம் இல்லை. அத்தோடு பிளாக் மெடிக் போன்ற அவரைக் குடும்பத்துச் செடிகள் தமக்கு வேண்டிய நைதரசனைக் காற்றிலிருந்து தாமே தேடிக்கொள்பவை. வறிய மண்ணில் அது அவற்றின் பலம். எல்லோருக்கும் உரம் கிடைக்கும்போது அந்தப் பலம் பயனற்றுப் போகிறது. மாறாக, சிக்வீட் போன்ற உரம் விரும்பும் செடி கொழுத்து எழும்புகிறது.

இதை வாசித்துவிட்டு உரம் கெட்டது என்று முடிவு கட்டக் கூடாது. உரம் போடாத அந்தப் பட்டியின் விளைச்சல் ஹெக்டேயருக்கு ஒரு தொன் அளவில்தான் நின்றது. 1940களில் பிரித்தானியாவின் சராசரி விளைச்சல் இரண்டரைத் தொன். இன்று அது எட்டுத் தொன் அளவில் இருக்கிறது. நாம் வாங்கும் பாணுக்கும் கோதுமை மாவுக்கும் பின்னால் இருக்கும் கணக்கு இது.

மண்ணுக்குள் உறங்கும் விதைகள்

1920களில் பிரோட்பாக் வயலில் களை பிடுங்க ஆளில்லாமல் களை மிஞ்சிவிட்டது. ஆகவே வயலைப் பகுதி பகுதியாகச் சில காலம் பயிரின்றித் தரிசாக விட்டு உழுதார்கள். அப்போது அங்கு பணியாற்றிய வினிபிரெட் பிரெஞ்ச்லி என்ற தாவரவியல் அறிஞர், கதரின் வாரிங்டன் என்பவருடன் சேர்ந்து ஒரு வேலை செய்தார். வயலிலிருந்து மண்ணை அள்ளித் தட்டுகளில் பரப்பி, நீர் ஊற்றி, முளைப்பவற்றை எண்ணினார்கள். எண்ணியதைப் பிடுங்கிவிட்டு மண்ணைக் கிளறி மறுபடியும் எண்ணினார்கள். இப்படி வருடக் கணக்காக. பெண்களுக்கு விஞ்ஞான நிலையங்களில் இடம் கிடைப்பதே அரிதாக இருந்த காலம் அது.

அவர்கள் கண்டது: ஒவ்வொரு செடியின் விதையும் மண்ணுக்குள் வெவ்வேறு காலம் உயிரோடு இருக்கிறது. பொப்பி விதை பல ஆண்டுகள் உறங்கிக் கிடந்து, மண் கிளறப்பட்டு வெளிச்சம் பட்டவுடன் எழும்பும். முதலாம் உலகப் போரில் குண்டுகளால் உழப்பட்ட பிளாண்டர்ஸ் நிலத்தில் சிவப்புப் பூவாகப் பூத்தது இதனால்தான். நவம்பரில் நாம் சட்டையில் குத்திக்கொள்வதும் அந்தப் பூவைத்தான். அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் வில்லியம் பீல் என்ற பேராசிரியர் 1879இல் விதைகளைப் போத்தல்களில் இட்டுப் புதைத்து வைத்தார். 2021இல் ஒரு போத்தலைத் தோண்டி எடுத்து விதைத்தபோதும் சில விதைகள் முளைத்தன!

ஆனால் எல்லாச் செடிக்கும் இந்த வரம் கிடையாது. கோர்ன் கொக்கிள் என்று ஊதா நிறத்தில் பூக்கும் ஒரு செடி முன்னர் இங்கு கோதுமை வயலெங்கும் நின்றது. அதன் விதை மண்ணுக்குள் நெடுங்காலம் தங்காது. அது வேறொரு உபாயத்தால் வாழ்ந்தது. கோதுமையோடு சேர்ந்து முற்றி, கோதுமையோடு அறுக்கப்பட்டு, ஏறக்குறைய கோதுமை மணியளவே இருந்ததால் அதனுடனேயே களஞ்சியத்துக்குப் போய், அடுத்த வருடம் விவசாயியின் கையாலேயே விதைக்கப்பட்டது. விதை தெரிக்கும் இயந்திரங்கள் திருந்தியதும் அதன் கதை முடிந்தது. இந்த விதை நச்சுத்தன்மையுள்ளது. மாவில் கலந்தால் ஆகாது. ஆகவே விவசாயியைக் குற்றம் சொல்ல இடமில்லை. நம்முடைய பாட்டிமார் சுளகால் புடைத்துச் செய்ததைத்தான் அந்த இயந்திரமும் செய்தது, பிழையில்லாமல் செய்தது. இன்று இந்தப் பூவை இங்கிலாந்தில் கண்டால், யாரோ பூவிதைப் பக்கற் வாங்கித் தூவியிருக்கிறார்கள் என்றே பெரும்பாலும் கொள்ளலாம்.

எந்த மாதத்தில் விதைப்பது?

பயிர் முறை என்ற சொல்லைக் கேட்டவுடன் எந்தப் பயிர் என்றே நினைக்கிறோம். காட்டுச் செடிக்கு அதனிலும் முக்கியமானது எந்த மாதத்தில் மண் கிளறப்படுகிறது என்பது. ஒவ்வொரு செடிக்கும் முளைக்கும் பருவம் உண்டு. சில இலையுதிர் காலத்தில் முளைப்பவை, சில வசந்தத்தில். மண்ணைக் கிளறும் வேளையும் முளைக்கும் வேளையும் பொருந்தினால் அந்தச் செடிக்கு வாழ்வு.

பதினெட்டாம் நூற்றாண்டில் நோபோக் பகுதியில் பெயர் பெற்ற நாலாண்டுச் சுழற்சி முறையைப் பாருங்கள். முதலாம் ஆண்டு கோதுமை, இலையுதிர் காலத்தில் விதைப்பு. இரண்டாம் ஆண்டு டேர்னிப் கிழங்கு, மண்வெட்டியால் இடைகொத்துவார்கள். மூன்றாம் ஆண்டு பார்லி, வசந்த விதைப்பு. நாலாம் ஆண்டு குளோவர், ஆடு மாடுகள் மேயும். இந்நான்கில் ஒவ்வொரு ஆண்டும் சில செடிகளுக்கு நல்லது, சிலவற்றுக்குக் கெட்டது. எந்தச் செடியும் வயலை முழுதாகப் பிடிக்கவும் முடியாது. எந்தச் செடியும் முழுதாக அழியவும் வேண்டியதில்லை, விதையாக மண்ணுக்குள் தன் ஆண்டு வரும்வரை காத்திருக்கலாம்.

1970களுக்குப் பின் இது வேகமாக மாறியது. வசந்தத்தில் விதைத்த பார்லி குறைந்து, இலையுதிர் காலத்தில் விதைக்கும் கோதுமையும் பார்லியும் எண்ணெய்க்கான ரேப்பும் பெருகின. ரேப் என்பது மே மாதத்தில் மஞ்சளாகப் பூத்துக் கிடக்கும் கடுகுக் குடும்பத்துப் பயிர்தான். இப்போது நவம்பரில் மோட்டர்வேயில் போகும்போது இருபக்கமும் வயல்கள் பச்சையாக இருப்பதைக் காண்கிறோம். அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் அறுத்த தாள் மாரி முழுதும் கிடந்த காலத்தில் அதில் உதிர்ந்த தானியத்தையும் களை விதையையும் பொறுக்கித் தின்று உயிர் பிழைத்த பறவைகளுக்கு அந்தப் பச்சையில் ஒன்றுமில்லை. வானம்பாடி குறைந்ததற்கு இது ஒரு முக்கிய காரணம். டேர்ட்டில் டவ் என்ற சிறு புறாவின் பிரதான உணவு களை விதைகள். 1970கள் தொடக்கம் பார்த்தால் இந்நாட்டில் அந்தப் புறாவில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்கு மேல் இல்லாமற் போய்விட்டது. வசந்தத்தில் முளைக்கும் கோர்ன் மரிகோல்ட் போன்ற மஞ்சட் பூக்களும் இடம் இழந்தன.

சரி, அப்படியானால் விவசாயிக்குக் களைத் தொல்லை தீர்ந்ததா? இதுதான் கதையின் விசித்திரமான பகுதி. இலையுதிர் காலத்தில் முளைக்கும் பிளாக் கிராஸ் என்ற ஒரு புல்லுக்கு இப்புதிய முறை விருந்து வைத்தாற்போல் ஆயிற்று. ஒவ்வொரு வருடமும் அதற்கு ஏற்ற மாதத்தில் உழவு. ஒவ்வொரு வருடமும் அதனோடொத்த பயிர். மருந்து அடித்தார்கள். 1982இல் மருந்துக்குச் சாகாத பிளாக் கிராஸ் இங்கிலாந்தில் முதன்முதலாகக் கண்டுபிடிக்கப்பட்டது. பிறகு பரவியது. 2019ஆம் ஆண்டின் இறுதியில் வெளியான ஓர் ஆய்வு, மருந்துக்கு அடங்காத இந்த ஒரு புல்லினால் இங்கிலாந்தில் வருடமொன்றுக்கு ஏறத்தாழ 40 கோடி பவுண் நட்டமும் 8 இலட்சம் தொன் கோதுமை இழப்பும் ஏற்படுவதாகக் கணக்கிட்டது. பல வகைச் செடிகள் போய், ஒரே வகைச் செடி கோடிக்கணக்கில் நிற்கிறது. இப்போது அதை அடக்க வழி தேடும் விவசாயிகள் சிலர் வசந்த விதைப்புக்கும் பழைய சுழற்சிக்கும் திரும்புகிறார்கள். பிரான்ஸின் டிஜோன் நகருக்கு அருகில் நடந்த நீண்டகாலப் பரிசோதனையும், பல வகைக் களைகள் கலந்து நிற்கும் இடத்தில் விளைச்சல் இழப்பு குறைவு என்றும், ஓரிரு முரட்டுக் களைகள் ஆட்சி செய்யும் இடத்திலேயே இழப்பு அதிகம் என்றும் காட்டியது.

இன்னொரு பெரிய ஆய்வையும் சொல்லிவிடுகிறேன். களைநாசினியைத் தாங்கும்படி மரபணு மாற்றிய பயிர்கள் பற்றி 1999 முதல் சில ஆண்டுகள் பிரித்தானிய வயல்களில் அரசாங்கச் செலவில் பரிசோதனை நடந்தது. 2003இல் முடிவுகள் வந்தபோது பத்திரிகைகளில் ஒரே வாதம். மரபணு மாற்றிய பீட், ரேப் வயல்களில் களையும் களை விதையும் குறைந்தன. சோளத்தில் முடிவு மாறாக இருந்தது. அந்த இரைச்சலில் அடிபட்டுப் போன முடிவு ஒன்று உண்டு. மாற்றிய விதைக்கும் மாற்றாத விதைக்கும் இடையிலான வித்தியாசத்தைவிட, ஒரு பயிருக்கும் மற்றொரு பயிருக்கும் இடையிலான வித்தியாசம் பெரிது. பீட் வயலா, சோள வயலா என்பதுதான் அங்கே வாழும் செடி பூச்சிகளை அதிகம் மாற்றியது.

ஓரம் எவ்வளவு நீளம்? ஒரு கணக்கு

பிள்ளைகளே, பென்சிலை எடுங்கள். 400 மீற்றர் நீளமும் 400 மீற்றர் அகலமும் உள்ள ஒரு சதுர வயல். பரப்பளவு 16 ஹெக்டேயர். காட்டுச் செடிகள் மிகுதியாக நிற்பது வயலின் ஓரத்தில். உரமும் மருந்தும் அங்கே சரியாக எட்டுவதில்லை. வேலியிலிருந்து விதையும் வந்து விழும். ஓரத்தில் 4 மீற்றர் அகலப் பட்டியைச் செடிகளின் பங்கு என்று வைத்துக்கொள்வோம். நடுவில் மிஞ்சும் சதுரத்தின் பக்கம் 392 மீற்றர். கழித்துப் பார்த்தால் ஓரப் பட்டி முழு வயலில் நூற்றுக்கு 4 பங்கு.

அதே நிலத்தை 200 மீற்றர்ச் சதுரங்கள் நான்காகப் பிரியுங்கள். ஓரப் பட்டி நூற்றுக்கு 8 பங்கு அளவில் வரும். 100 மீற்றர்ச் சதுரங்கள் பதினாறாகப் பிரித்தால் நூற்றுக்கு 15 பங்குக்கு மேல். நிலம் ஓர் அங்குலமும் கூடவில்லை. துண்டுகள் சிறியவையாயின, ஓரம் நீண்டது, அவ்வளவே. விடை சரியா என்று நீங்களே போட்டுப் பாருங்கள்.

இது காகிதக் கணக்கு மட்டுமல்ல. ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் எட்டுப் பிரதேசங்களில் நானூறுக்கு மேற்பட்ட நிலப்பரப்புகளை ஒப்பிட்டு 2019இல் வெளியான ஆய்வின்படி, சராசரி வயலின் அளவை 5 ஹெக்டேயரிலிருந்து 2.8 ஹெக்டேயராகக் குறைத்தால் உயிரினப் பல்வகைமைக்குக் கிடைக்கும் நன்மை, அந்நிலப்பரப்பில் புல்வெளி, புதர் போன்ற இயற்கை இடத்தை நூற்றுக்கு அரைப் பங்கிலிருந்து 11 பங்காகக் கூட்டினால் கிடைப்பதற்குச் சமம். இங்கிலாந்திலோ இரண்டாம் உலகப் போருக்குப் பின் பெரிய இயந்திரங்கள் திரும்ப இடம் வேண்டி வேலிப் புதர்களைப் பிடுங்கி வயல்களை ஒன்றாக்கினார்கள். பாதியளவு வேலி போய்விட்டது. 1997இல்தான் நாட்டுப்புற வேலிகளை அனுமதியின்றி அகற்றக் கூடாது என்று சட்டம் வந்தது.

யாழ்ப்பாணத்தாருக்கு இதைச் சொல்லி விளங்கப்படுத்த வேண்டியதில்லை. நமக்குக் காணிக் கணக்கே பரப்பில்தான். பதினாறு பரப்புச் சேர்ந்தால் ஓர் ஏக்கர். ஒரு பரப்பு என்பது ஏறக்குறைய 16 மீற்றர்ச் சதுரம். ஒவ்வொன்றையும் சுற்றி வரம்பு. தோட்டத்தைச் சுற்றிக் கிளுவை, பூவரசு, முள்முருக்கு வேலி. வேலியில் வெட்டிய குழையைத் தோட்டத்தில் தாழ்த்து எருவாக்கினோம். வேலியின் கீழே தும்பை, குப்பைமேனி, நாயுருவி, கீரை வகைகள். அம்மா சுண்டலுக்கு அரிந்த கீரையில் பாதிக்கு விதைத்தவர் யாருமில்லை.

2018இல் ஊருக்குப் போனபோது எங்கள் தோட்டக் காணியைப் பார்க்கப் போனேன். குத்தகைக்குச் செய்யும் தம்பி நல்ல உழைப்பாளி. கிளுவை வேலி இல்லை. தூண் நட்டுக் கம்பி அடித்திருந்தார். வரம்பு மருந்தடித்துக் கருகிக் கிடந்தது. மறுநாள் கோயிலுக்கு ஒரு பிடி தும்பைப்பூ வேண்டும் என்று கேட்டேன். சிரித்தார். "ஐயா, புல்லுப் பிடுங்க ஆள் எங்கை இருக்கு? கூலி குடுத்துக் கட்டாது. தும்பை வேணுமெண்டால் வெளிநாட்டுக்காரரின்ரை வளவுகளிலை பாருங்கோ, அங்கைதான் ஒருத்தரும் கை வைக்கிறேல்லை" என்றார். எனக்குச் சுருக்கென்றது. அவர் மனதில் ஒன்றும் வைத்துச் சொல்லவில்லை.

போய்ப் பார்த்தேன். அங்கும் தும்பை இல்லை. பல வருடம் ஆள் நடமாட்டமில்லாத வளவில் பற்றையும் மரக்கன்றுகளும் நெருங்கி நிழல் மூடியிருந்தது. ஓரத்தில் எருக்கு நாலைந்து. கடைசியில் தும்பை அகப்பட்டது ஒரு கிழவியின் சின்னக் கச்சான் தோட்டத்தில். மண்வெட்டியால் கொத்தி, கையால் புல்லுப் பிடுங்கும் தோட்டம். "எவ்வளவும் ஆய்ஞ்சு கொண்டு போ மோனை, எனக்குத் தொல்லை குறையும்" என்றார்.

அப்போதுதான் பிரோட்பாக்கின் இன்னொரு மூலை நினைவுக்கு வந்தது. 1882இல் அந்த வயலின் ஒரு முனையைக் கோதுமையை அறுக்காமல் அப்படியே கைவிட்டுப் பார்த்தார்கள். சில வருடங்களிலேயே கோதுமை மறைந்தது. பிறகு பற்றை, பிறகு மரங்கள். இன்று அதில் ஒரு பகுதி அடர்ந்த சிறு காடு. அந்த மர நிழலில் பொப்பிக்கு இடமில்லை. மருந்தும் இவற்றைக் கொல்கிறது. முற்றாகக் கைவிடுவதும் கொல்கிறது. இவற்றுக்கு வேண்டியது மண்வெட்டி பிடித்த ஒரு மனிதன், ஆனால் எல்லா மூலைக்கும் எட்டிவிடாத மனிதன்.

ஐரோப்பியச் சட்டப்படி 1992ஆம் ஆண்டுச் சீர்திருத்தத்துக்குப் பின் விவசாயிகள் நிலத்தின் ஒரு பங்கைத் தரிசாக விட வேண்டியிருந்தது. தானியம் மிஞ்சியதால் செய்த ஏற்பாடு அது, 2008இல் கைவிடப்பட்டது. ஆனால் அந்த ஆண்டுகளில் சில வயல்கள் திடீரெனச் சிவப்பாகப் பூத்ததை நம்மில் சிலர் பார்த்திருப்போம். விதைகள் கீழே காத்திருந்தன. 1980களில் வேட்டைப் பறவை ஆய்வாளர்கள் வயலோரத்தில் 6 மீற்றர் மட்டும் மருந்து குறைத்துப் பார்த்ததிலும் கவுதாரிக் குஞ்சுகளுக்குப் பூச்சி கிடைத்தது, செடிகளும் மீண்டன. கென்ட்டில் கக்ஸ்டன் கிராமத்துக்கு அருகே ரான்ஸ்கோம் பண்ணை என்று ஒன்று உண்டு. தாவரங்களைக் காக்கும் பிளான்ட்லைஃப் அமைப்பின் கவனிப்பில் இருக்கிறது. அங்கே அரிய களைச் செடிகளுக்காகவே நிலத்தை உழுகிறார்கள்! தகப்பனார் இருந்திருந்தால் நம்பியிருக்க மாட்டார். ஜூன், ஜூலையில் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய்ப் பார்க்கலாம். பூக்களைப் பறிக்கக் கூடாது.

வீட்டு வேலை

இந்நாட்டில் பொது நடைபாதைகள் பல வயல்களுக்கு ஊடாகவே போகின்றன. கோடை விடுமுறையில் அப்படியொரு பாதையில் நடந்து, வயலின் ஓரத்தில் பத்து அடி தூரத்துக்குள் எத்தனை வகைச் செடி என்று எண்ணுங்கள். பாதையிலேயே நடந்து வயலின் நடுப்பகுதிக்குப் போய் மறுபடியும் பத்து அடிக்குள் எண்ணுங்கள். பயிருக்குள் இறங்க வேண்டாம். பெயர் தெரியாவிட்டால் இலையின் வடிவத்தை வரைந்தால் போதும். என்ன பயிர், எந்த மாதம் என்பதையும் குறித்துச் செப்டெம்பரில் தமிழ்ப் பாடசாலைக்குக் கொண்டுவாருங்கள். சுவரில் ஒட்டி ஒப்பிட்டுப் பார்ப்போம்.

கேள்வி கேட்ட பிள்ளைக்கு அன்று கட்டிலிருந்து வேரோடிருந்த ஓர் அறுகைக் கொடுத்துவிட்டேன். தயிர்ப் பெட்டியொன்றில் நட்டு வெயில் படும் யன்னலில் வைத்திருக்கிறாளாம். மாரியில் மஞ்சளாகிப் போய், ஏப்ரலில் மறுபடி துளிர்த்திருக்கிறது. இந்த வருடச் சதுர்த்திக்கு அதிலிருந்து 21 புல் கொண்டுவருவதாகச் சொன்னாள். பெட்டியை விட்டு ஒரு வேரும் கார்டினுக்குள் இறங்கக் கூடாது என்று அப்பா கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறாராம்.